ஆளுக்கொரு உலாவி

மஹ்பூலா, கடற்கரையிலிருந்து நான்காவது தெரு, ஏழாம் மாடி.
லிஃப்ட் ஐந்து வரைதான் ஏறும்.
அலுவலகம் இடம் மாறியபோது
மந்தூப் இரண்டு தினாருக்குத் தள்ளிவிட்ட கணினியை
மிச்ச இரண்டு மாடிக்கு
கியாஸ் சிலிண்டர் மாதிரி தூக்கி வந்தோம்
நானும் ஜெகபர் அலியும்.

உள்ளே விண்டோஸ் செத்துக் கிடந்தது.
உரிமம் கேட்டது.
எங்கள் உரிமமே இன்னொருவன் மேசை இழுப்பறையில்.
லினக்ஸ் போட்டேன். அது யாரையும் எதுவும் கேட்காது.
(கேட்டது, பிறகு. சொல்கிறேன்.)

ஒரு கணினி, ஐந்து பேர்.
ஆளுக்கொரு கணக்கு திறந்து தருகிறேன் என்றேன்.
"எல்லாத்துக்கும் ரூட்டு நீதானே,
உனக்குத் தெரியாமலா இருக்கும்?"
என்றார் சவரியப்பன்.
கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் உட்கார்ந்தவனுக்கு
எந்தெந்தக் கூரையில் என்ன காய்கிறது என்று தெரியும்,
அது அவருக்குத் தெரியும்.

கடைசியில் ஆளுக்கொரு உலாவி என்று முடிவானது.
ஃபிரிட்ஜில் தட்டு பிரித்த மாதிரி.
கட்டிலைச் சுற்றி லுங்கியைத் திரையாகக் கட்டுகிறோமே,
அந்த மாதிரி. வெறும் துணிதான்.
மூடியிருந்தால் யாரும் விலக்குவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம்
கறுப்புச் சன்னலைத் திறந்து தட்ட ஆரம்பித்தேன்.
கடவுச்சொல் கேட்டது.
அடித்தால் ஒரு நட்சத்திரப்புள்ளிகூட விழவில்லை.
காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியாமல்
எட்டு எழுத்தையும் வெறுமையில் அடித்துவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
இந்த ஊர்க் கவுன்ட்டர்களில் பழகிய விரல்தான்.

பயர்பாக்ஸ் கூடவே வந்திருந்தது. அது ஜெகபருக்கு,
பாதிப் பாரம் சுமந்த கூலி.
குரோமியம் சவரியப்பனுக்கு,
அவர் வங்கி அதற்குத்தான் கதவு திறந்தது.
ஃபால்கான் என்று ஒன்று.
என்ன அர்த்தம் என்று கேட்டு, வல்லூறு என்றதும்
டிக்காராம் கை தூக்கினான்.
அவன் தோட்டம் பார்க்கும் வில்லாவில்
வல்லூறுக்குத் தனி ஏசி, தனி பாஸ்போர்ட்.
"எனக்கும் ஒன்று இருக்கட்டும்."

மிடோரி திருமேனிக்கு.
அங்கேதான் தகராறு.
சார்புகள் நிறைவேறவில்லை என்றது.
இது வேண்டுமானால் அது வேண்டும்,
அதற்கு இன்னொன்று, அதற்கு மேலும் இரண்டு,
மொத்தம் பதினேழு பொட்டலம்.
பின்னால் நின்று பார்த்த திருமேனி
"அப்படியே எங்க வீடு" என்றான்.
சிரித்தோம். டேட்டா தீர்ந்தது.
ஜெகபர் பக்காலாவுக்கு இறங்கிப்போய்
கார்டு வாங்கி வந்தான், முனகிக்கொண்டே.
பிறகும் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.
எழுத்துரு போட்டதும்
முதலில் 'ழ' வாலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தது.

எனக்குப் படமே வராத ஒன்று போதும்.
எழுத்து மட்டும், கறுப்பில் சாம்பல்.

ஏழு மாதம் ஒருவர் சின்னத்தை
இன்னொருவர் தொட்டதில்லை.
நடுராத்திரி சவரியப்பன் முகத்தில் மட்டும் வெளிச்சம்,
வட்டிக்கணக்கை உதட்டால் படித்துக்கொண்டு.

மார்ச்சில் திருமேனியின் கம்பெனிக்கு ஒப்பந்தம் முடிந்தது.
பத்து நாள் அவகாசம்.
பெட்டி நான்கு கிலோ கூடுதல்,
ரைஸ் குக்கரை விட்டுப் போனான்.
லுங்கித் திரையை அவிழ்த்து மடித்து வைத்தான்.
மிடோரியை மறந்துவிட்டான்.

இடத்தை அடைக்கிறதே என்று ஒருநாள் நீக்கப் போனேன்.
நீக்கவா, ஆமா, இல்லையா என்றது.
ஆமாவைப் பெரிய எழுத்திலும்
இல்லையைச் சின்ன எழுத்திலும் எழுதி வைத்திருந்தது.
சும்மா என்ட்டர் தட்டினாலே சம்மதம்.
சின்ன எழுத்தைத் தேடித் தட்டினேன்.

நேற்று புதுப்பையன் வந்தான்,
அறந்தாங்கிப் பக்கம், நஜ்முதீன்.
கட்டிலைக் காட்டினேன். தட்டைக் காட்டினேன்.
திரையைப் பார்த்து, "இந்தப் பச்சை யாருது?" என்றான்.
"ஆள் இல்லை. இருந்தாலும் அவருது.
உனக்கு வேற இறங்குது."

பன்னிரண்டு சதவீதம்.
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பன்னிரண்டு.
"தம்பி," என்றேன், "மொதல்ல
தோள்ல இருக்கிற பையை இறக்கு."